பதினாறாவது போல்ட்டின் சிவப்புக் கோடு

1

இந்தக் கதை ஒரு நெயில் பாலிஷ் குப்பியில் தொடங்கியது. என் அக்காவுடையது, அடர் சிவப்பு. அவள் அதை நகத்தில் பூசி நான் பார்த்ததில்லை. முழுக்க முழுக்க அத்தானின் வண்டிக்குத்தான் செலவானது.

முதலில் வேறு மாதிரி தொடங்கியிருந்தேன்:

"மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் உலகம் ஒரு மஞ்சள் நிறக்

அடித்துவிட்டேன். அந்த வேகத்தில் உலகம் எப்படித் தெரியும் என்று எனக்கு என்ன தெரியும்? ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாலே கண்ணை மூடிக்கொள்கிறவன் நான். அடுத்தது:

"அவர் ஒரு கனவு காண்பவர்."

இதையும் அடித்தேன். அத்தான் பேருந்துப் பணிமனையில் இருபத்திரண்டு வருஷமாக பிரேக் பார்க்கிற மெக்கானிக். கனவு கண்டாலும் அதில் ஏதாவது கழன்றுதான் கிடக்கும். பணிமனையில் அவருக்குக் 'காது' என்று பேர். பேருந்து வாசலுக்குள் திரும்பும்போதே எந்தச் சக்கரத்தில் என்ன கோளாறு என்று டீயைக் கீழே வைக்காமல் சொல்லிவிடுவார்.

ஆகவே குப்பியில் தொடங்கினேன். நேர்மையான தொடக்கம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தக் குப்பி யார் கையில் இருந்தது என்பதை அதிலும் சொல்லாமல் விட்டிருக்கிறேன், பாருங்கள்.

2

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். (அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்வரை மற்றதைச் சொல்ல வேண்டாம் என்கிற நிம்மதி.)

நீளம் ஆறரை மீட்டர். அகலம், ஓர் ஆள் படுத்த வாக்கில் உட்காரும் அளவு. இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே அலுமினியத் தகடு, ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய மோட்டார் சைக்கிளின் எஞ்சின், வேகத்தைக் குறைக்க ஒரு பாராசூட். பாராசூட்டைத் தைத்தது அக்கா. வருஷத்துக்கு ஒருமுறை, வற்றிப்போன ஏரியின் தரையில், வீட்டில் கட்டிய வண்டிகளை ஓடவிட்டு வேகத்தை அளக்கிறார்கள். பரிசு எதுவும் கிடையாது. ஒரு பலகையில் பெயரையும் வேகத்தையும் எழுதுவார்கள். அத்தானுக்கு அந்தப் பலகையில் இருநூற்றைம்பது வேண்டும். அதற்காக நாலு வருஷம்.

கட்டியது வீட்டை ஒட்டிய கொட்டகையில். கொட்டகையின் நீளம் ஆறு மீட்டர்தான். வாழ்நாள் முழுக்க நூல் பிசகாமல் அளந்த மனுஷர் கொட்டகையை அளக்க மறந்துவிட்டார். கடைசியில் சமையலறைச் சுவரில் ஓட்டை போட்டு, வண்டியின் மூக்கைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே நீட்ட வேண்டியதாயிற்று.

"கல்யாணத்தப்பவே இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றாள் அக்கா. மறுநாளே பாத்திரம் துடைக்கும் துணியை அதன்மேல் காயப்போட ஆரம்பித்தாள்.

"அடியே, அது காத்தைக் கிழிக்கிற மூக்கு!"

"கிழிக்கட்டும். துணி சீக்கிரம் காயும்."

இந்த இடத்தில் நீங்கள் சிரித்திருந்தால் எனக்குச் சந்தோஷம். உங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே மூன்றாம் பகுதியைத் தாண்டிப் போய்விட முடியுமா என்றுகூட யோசித்தேன்.

3

போல்ட் முடுக்க அத்தானிடம் ஒரு ஒழுங்கு உண்டு. அவருடைய ஸ்பேனரில் எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அதை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். அந்த இறுக்கம் வந்ததும் கைப்பிடிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். அது கேட்டதும் "போடு" என்பார். நான் போல்ட்டின் தலையிலிருந்து சட்டம்வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுவேன். பின்னால் போல்ட் துளி அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். டக், போடு, கோடு. கோடு விழுந்த போல்ட்டை மறுபடி தொடுவதில்லை.

"கோட்டைச் சந்தேகப்பட்டா வேலை முடியாது மாப்ளே," என்பார்.

பின் அச்சைத் தாங்கும் போல்ட்டுகள் பதினாறு. ஏரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் பதினைந்து முடிந்துவிட்டது. பதினாறாவதைக் கையால் திருகி உட்காரவைத்து, ஸ்பேனரை மாட்டப் போனார். அப்போது ஓட்டை வழியாக அக்கா கூப்பிட்டாள். "உங்களுக்குத்தான் போன், பணிமனைல இருந்து!" ஸ்பேனரை வைத்துவிட்டு உள்ளே போனார்.

அவர் திரும்பி வருவதற்குள் பதினாறாவது போல்ட்டிலும் கோடு விழுந்தி

(கோடு தானாக விழுமா?)

நான் போட்டேன். தூரிகை காய்ந்துகொண்டிருந்தது. அது மட்டுமில்லை. அந்த வண்டியைப் பற்றி ஒரு கதை எழுத வேண்டும் என்று அப்போதே மனசுக்குள் வாக்கியங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று "பதினாறு சிவப்புக் கோடுகள்" என்று முடிந்தது. பதினைந்து என்றால் ஓசை இடித்தது. எப்படியும் வந்து முடுக்கத்தானே போகிறார் என்று போட்டுவிட்டேன்.

அவர் வந்தார். கோட்டைப் பார்த்தார். முன் சக்கரத்துக்கு நகர்ந்துவிட்டார். நான் அதைக் கவனிக்கவில்லை.*

* பொய். கவனித்தேன். அன்று காலைதான் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் ஒரு கோடு போட்டு, அது வழிந்து, "பேனா பிடிக்கிற கைக்கு ஒரு கோடு ஒழுங்கா வரலியே" என்று அவர் கிண்டல் செய்து, ஓட்டைக்கு அந்தப் பக்கம் அக்காவும் சிரித்திருந்தாள். மறுபடி அவர்கள் சிரிப்பார்களே என்று கூச்சமாக இருந்தது. "அத்தான், அது நான் சும்மா போட்டது." ஐந்தே சொற்கள். மென்று விழுங்கிவிட்டேன்.

4

ஏரியில், இருநூற்றுப் பதினேழு கிலோமீட்டர் வேகத்தில் பின் அச்சு விலகியது. வண்டி மூன்று சுற்றுச் சுற்றி நின்றது. இங்கே கொஞ்சம் ரத்தம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எழுதுகிறவன் புத்தி சொல்கிறது. நிஜத்தில் தூசிதான் இருந்தது. தூசிக்குள்ளிருந்து அத்தான் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். எலும்பு முறிந்திருந்தது. அந்தக் கையோடு வந்த வழியே நடந்து, தரையில் கிடந்த போல்ட்டைத் தேடி எடுத்தார். அதன் தலையில் பாதிக் கோடு இருந்தது.

"கோடு இருக்கு மாப்ளே," என்றார். "இருந்தா டக் கேட்டிருக்கணும். கேக்காமலே கேட்டதா நெனச்சு 'போடு'ன்னு சொல்லியிருக்கேன்."

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம் அத்தான்."

பார்க்கிறவர்களுக்கு அது அக்கறையாகத் தெரிந்திருக்கும்.

போகும் வழியில் கேட்டார். "அன்னிக்கு உனக்குக் கேட்டுச்சா?"

"ஞாபகம் இல்ல அத்தான்," என்றேன், வாய் கூசாமல்.

அவர் வலது உள்ளங்கையில் இருந்த போல்ட்டை விரலால் புரட்டிப் பார்த்தார். பிறகு, "நாப்பது அம்பது பேர் ஏறுற வண்டிக்கு நான் பிரேக் பாக்கறேன்," என்றார்.

5

இதுவரை மூன்று பிரதிகள் எழுதிக் கிழித்திருக்கிறேன்.

முதலாவதில் போல்ட்டே மட்டமான இரும்பு. இரண்டாவதில் ஓடுபாதையில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பாவம், அந்த வாயில்லாப் பிராணி மேல் பழியைப் போடும்போது எனக்குக் கை நடுங்கவே இல்லை. இரண்டு பிரதியிலும் மைத்துனன் என்று ஒருவன் கிடையாது. குப்பியை அக்கா பிடித்திருந்தாள்.

மூன்றாவதில் ஒரு மெக்கானிக்குக் காது மெல்ல மங்குகிறது. அது அவருக்கே தெரியவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் எழுதியதிலேயே அதுதான் நல்ல கதை. என் கதைகளை முதலில் படிப்பது எப்போதும் அக்காதான். அத்தான் கதை படிக்கிற ஆள் இல்லை. படித்துவிட்டு அவள் அழுதாள்.

"அவருக்குக் காது போயிடுச்சுன்னு நீயும் நெனைக்கறியா?" என்று கேட்டாள். "டாக்டர் பாத்துட்டு நல்லாத்தான் இருக்குன்னார். இவர் நம்ப மாட்டேங்கறார். 'டக் கேக்க வேண்டியது எனக்கு, டாக்டருக்கு இல்ல'ங்கறார். நீயாவது சொல்லேன். நீ பக்கத்துலதானே இருந்தே?"

கதை நன்றாக வந்திருக்கிறதா என்று அவளிடம் கேட்டேன். ஆமாம், அதைத்தான் கேட்டேன்.

6

இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் சப்பைக்கட்டு.

போன வாரம் மாவுக்கட்டைப் பிரித்த கையோடு அத்தான் அதே வீட்டில் இருக்கும் என் அறைக்கு வந்தார். பிரேக் பிரிவிலிருந்து தன்னை எடுத்துவிட்டு, உதிரி சாமான் கொடுக்கும் ஜன்னலில் போடச் சொல்லி மேலாளருக்கு ஒரு விண்ணப்பம் வேண்டுமாம்.

"எனக்குக் கோர்வையா வராது. நீதான் எழுதறவனாச்சே."

எழுதிக் கொடுத்தேன். "என் காதை இனி நானே நம்புவதற்கில்லை" என்று அதில் ஒரு வரி. அவர் சொன்னதில்லை, நானாகச் சேர்த்தது. படித்துவிட்டு, "நான் மனசுல நெனச்சதை அப்படியே எழுதிட்டே," என்று தோளைத் தட்டினார். அந்தத் தோளை அறுத்துப் போட்டால் தேவலை என்றிருந்தது.

நாளை திங்கட்கிழமை, விண்ணப்பத்தைக் கொடுக்கிற நாள். அது சமையலறைச் சாப்பாட்டு மேஜையில், உப்பு ஜாடிக்கு அடியில் இருக்கிறது. அத்தான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பக்கத்தில்தான் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

7

முடிவுக்கு இரண்டு வழி யோசித்திருந்தேன்.

(அ) கதை அச்சில் வருகிறது. அக்கா படித்து அவரிடம் சொல்கிறாள். அதற்கு மாசக்கணக்காகும். அதற்குள் அவர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். கதையே படிக்காத மனுஷரிடம் கதை எழுதி மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு நான் கெட்டிக்காரன்.

(ஆ) விண்ணப்பத்தைக் கிழித்துவிடுகிறேன். அவர் இன்னொன்று எழுதச் சொல்கிறார். நான் இன்னும் நன்றாக எழுதி

வேண்டாம்.

சமையலறையில் இப்போது ஞாயிற்றுக்கிழமை வெயில். சுவரில் ஓட்டை அப்படியே இருக்கிறது. வண்டியின் மூக்கு இல்லாததால் அதன் வழியாகக் கொட்டகை முழுக்கத் தெரிகிறது. அத்தான் கிடுக்கியில் ஒரு வெறும் போல்ட்டை மாட்டி, அந்த ஸ்பேனரால் முடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முடுக்குவார், தளர்த்துவார், மறுபடி முடுக்குவார். காலையிலிருந்து இதேதான்.

டக்.

"மாப்ளே," என்று ஓட்டை வழியாகக் கூப்பிடுகிறார். "இப்ப டக்குன்னு கேட்டுச்சா?"

கேட்டுச்சு அத்தான். அன்னிக்குத்தான் கேக்கல. நீங்க முடுக்கவே இல்ல. அந்தக் கோடு நான் சும்மா போட்டது.

காகிதத்தில் எழுதிவிட்டேன். எழுதுவது எனக்கு எப்போதும் சுலபமாகத்தான் இருந்திருக்கிறது. அவர் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி இன்னும் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பேனாவை மூடுகிறேன். இதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தால், நான் எழுந்து அவரிடம் போகவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.