பத்துக் கிலோ கல்

பழைய பல் பிரஷ் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். எங்கள் வீட்டில் கேட்கப்பட்ட கடைசிச் சாதாரணமான கேள்வி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து, ஆள் ஏறி நிற்கும் எடை மெஷின் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார். என் கணவருக்கும் அவருடைய தம்பிக்கும் எடை மெஷின் பழுதுபார்க்கும் கடை. மாவு நிறுப்பது, மூட்டை நிறுப்பது, பிறந்த குழந்தையை நிறுப்பது எல்லாம் அவர்கள் கைக்கு வந்து போகும். இது யாரோ திரும்ப வாங்க வராமல் விட்டுப்போனது. நமக்கு ஆகட்டுமே என்று தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பிரஷ்ஷைத் தேடிக் கொடுத்தேன். துருவைத் தேய்த்து எடுத்தார், எண்ணெய் விட்டார், நிமிர்த்தித் தரையில் வைத்து ஏறி நின்றார்.

"சனியன், எழுபத்திரண்டுக்கு அறுபத்தெட்டு காட்டுது, நாலு கிலோ கம்மி."

மறுபடி கவிழ்த்தார். உள்ளே எதையோ திருகினார், ஊதினார், ஏறினார். அதே அறுபத்தெட்டு. மறுநாள் கடையிலிருந்து பத்துக் கிலோ இரும்புக் கல்லைக் கொண்டுவந்தார். மெஷின் சரியா என்று பார்ப்பதற்காகவே அவர்கள் வைத்திருக்கும் கல். பிடி மட்டும் கைபட்டுப் பளபளவென்று இருக்கும். ஏற்றினார். முள் மயிரிழை பிசகாமல் பத்தில் போய் நின்றது. கல்லை இறக்கிவிட்டுத் தான் ஏறினார். அறுபத்தெட்டு.

"மெஷின் சரியாத்தான் இருக்கு," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "நான்தான் ரிப்பேர்."

ஆஸ்பத்திரியில் பார்த்து, கணையத்தில் கட்டி என்றார்கள். அறுக்க முடியாத இடம் என்றார்கள். கணையம் என்று ஒரு உறுப்பு இருப்பதே அதுவரை எனக்கு ஞாபகத்தில் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்ததோடு சரி. ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. ரத்தம், ஸ்கேன், உடம்பின் எடை, கை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, இந்த நோய் யாருக்கு எப்படிப் போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்க்கிற ஆராய்ச்சி. இவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். தாராளமாக என்றார். கணக்கில் என்ன வருகிறது என்பதை உங்களுக்குச் சொல்லலாமா என்று டாக்டரம்மா கேட்டபோது மட்டும் உடனே தலையை ஆட்டினார்.

"வேணாம் டாக்டர். நீங்களே வச்சுக்குங்க."

எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது, காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அந்த அறையில் எங்களைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும் என்ற நினைப்பு வீட்டுக்கு வந்தபிறகும் விடவில்லை. வழியில் கதவைப் பிடித்துத் திறந்துவிட்ட காவலாளிக்குக்கூடத் தெரிந்திருக்குமோ, அதனால்தான் அவ்வளவு மரியாதையோ என்று பயந்தேன்.

வாரம் ஒருநாள் வீட்டிலேயே எடை பார்த்து வைக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் ஆராய்ச்சி நர்ஸ் போன் செய்வாள். அவளுக்கு அவர் வைத்த பெயர் மண்டே. "மண்டே கூப்பிடுறா, எடு," என்பார். எடை குறைந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், மாத்திரையையும் சத்துப்பாலையும் கூட்ட வேண்டியிருக்கும் என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். அவர் மெஷினில் ஏறி நிற்பார். நான் குனிந்து முள்ளைப் பார்த்துப் போனில் சொல்வேன். முதல் வாரம் மட்டும் அறுபத்தேழு. பிறகு அறுபத்தெட்டு. அடுத்த வாரமும் அறுபத்தெட்டு. "சூப்பர்க்கா, அப்படியே பிடிச்சு வச்சுக்குங்க," என்பாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரத்தை ஓட்டுவேன்.

ஆனால் அவருடைய பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை வந்திருந்தது. பிறகு இன்னொன்று. மோதிரம் விரலிலிருந்து கழன்று சோப்புப் பெட்டியில் கிடந்தது. சாப்பிடும்போது நான் அடுப்படியில் நின்று, கரண்டி தட்டில் படுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் நின்றால் எட்டிப் பார்ப்பேன். மறுபடி கேட்டால் அடுப்புப் பக்கம் திரும்புவேன். கண்ணுக்குத் தெரிவது ஒன்று, முள் காட்டுவது வேறொன்று. நான் முள்ளின் பக்கமே நின்றேன். மெஷின் விஷயத்தில் அவருக்குத் தெரியாததா?

ஒரு நாள் முற்பகலில் குளியலறை வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளறையில் ஜன்னலோரம் படுத்திருந்தார். மெஷினை நகர்த்தப் போனவள், ஏனோ ஏறி நின்றேன். அறுபதுக்குக் கிட்டே காட்டியது. நான் எப்போதும் ஐம்பத்துநாலு. அதுவும் பயத்தில் தொண்டையில் ஒரு வாய் இறங்காத நாட்கள் அவை, ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகியிருந்தது. இறங்கினேன். முள் சுழியில் நின்றது. ஏறினேன். அறுபது.

பத்துக் கிலோ கல் கடைக்குத் திரும்பிப் போகவே இல்லை. காற்றுக்கு அடித்துக்கொள்ளாமலிருக்க அறைக்கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தோம். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மெஷின்மேல் வைத்தேன்.

பதினொன்று.

சத்தம் கேட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தபோது அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கல்லையும் என்னையும் பார்த்தார்.

"நீ மெக்கானிக் ஆயிட்டியா?"

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

மெல்ல வந்து குளியலறைப் படியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னார். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை, நான் காய்கறி வாங்கப் போகிற நேரத்தில், உள்ளே இருக்கும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியிருக்கிறார். சும்மா இருக்கும்போது முள் சுழியில் நிற்கும். யாராவது ஏறினால்தான் கூட்டிச் சொல்லும். அப்படிச் செய்வதற்குக் கைத்தேர்ச்சி வேண்டும்.

"அந்த மருந்தைக் கூட்டியிருப்பாங்களே! அவ தலபாடா சொன்னாளே, மறைக்காதீங்கன்னு!"

"தெரியும்."

"ஆஸ்பத்திரி மெஷின்ல ஏறும்போது என்ன பண்றதா இருந்தீங்க?"

"அதுக்குள்ள எடை ஏறிடும்னு நெனச்சேன்மா." முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முத வாரம் ஒரு கிலோ கொறஞ்சிச்சு. நீ குனிஞ்சு பார்த்தே பாரு. அந்த மூஞ்சியை இன்னொரு தடவ என்னால பார்க்க முடியல."

திட்ட வாயெடுத்தவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருவருக்கும் நடுவில் ஈரத் தரையில் கல்லைச் சுமந்துகொண்டு அந்த மெஷின் இருந்தது. திங்கட்கிழமைக்காக நான் காத்திருக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்டேயைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நாளைக்குக் கூட்டிட்டு வாங்கக்கா," என்றாள். அக்கா என்று எப்போதும்போலத்தான் சொன்னாள், ஆனால் குரல் வேறாக இருந்தது.

ஆஸ்பத்திரி மெஷின் அறுபத்திரண்டு காட்டியது. கையில் பிடித்து இறுக்குகிற கருவியை அவரிடம் கொடுத்தார்கள். முகம் சிவக்க இறுக்கினார். மண்டே எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு, "போதும்ணே, விட்டுடுங்க," என்றாள். டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து, மருந்தைக் கூட்டுவது பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"அந்தக் கணக்கு, டாக்டர்," என்றார் இவர். "இப்பச் சொல்லுங்க."

நான் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"உங்க நிலைமையில இருக்கிறவங்கள்ல பாதிப் பேர் அடுத்த வருஷம் இந்த மாசத்தைப் பார்க்கிறதில்லன்னு கணக்கு சொல்லுது."

"மீதிப் பாதி?"

"பார்க்கிறாங்க. நீங்க எந்தப் பாதின்னு அதுக்குச் சொல்லத் தெரியாது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மட்டும் வாடிக்கையாளரிடம் பேசுகிற தோரணையில் முன்னால் சாய்ந்தார். "எந்த மெஷினா இருந்தாலும் கொஞ்சம் பிசகு இருக்கும் டாக்டர். உங்களுது எவ்வளவு பிசகும்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆராய்ச்சியே. நாங்க சொன்னதும் நிஜமா நடந்ததும் ஒத்துப்போகுதான்னு ஒவ்வொருத்தரா பார்க்கிறோம்."

அவர் யோசித்தார். "அப்ப நான் உங்க பத்துக் கிலோ கல்லு." டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. இவர் மண்டேயின் பக்கம் திரும்பினார். "அம்மா, போன மாசம் சொன்ன எடையெல்லாம் அடிச்சுடு. கல்லு தப்பா இருந்தா மெஷின் உருப்படாது."

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். சாய்ந்த தலை கனக்கவே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. தூக்கத்திலேயே, "வீட்டு மெஷினைச் சரி பண்ணிடறேன்," என்றார். அடுத்த வாரம் என்றார். கை நடுங்காத நாளாகப் பார்த்து என்றார். அதன்பிறகு மண்டே எடை கேட்கவில்லை. வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். அவர் எந்தப் பாதி என்பது அந்த வருஷம் முடிவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது.

எல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து அவருடைய தம்பி வந்தான். கதவோரம் கல்லைப் பார்த்ததும், "அட, இது இங்கயா இருக்கு? கடையெல்லாம் புரட்டிப் போட்டேன் அண்ணி," என்றான். தொழில் புத்தி, தூக்கி மெஷின்மேல் வைத்தான். குனிந்து பார்த்தான்.

"ஒரு கிலோ கூடக் காட்டுதே. அண்ணன் வீட்டு மெஷினா இது? நாலு பேர் பார்த்தா சிரிப்பாங்க. ஸ்க்ரூ டிரைவர் இருந்தா குடுங்க, அஞ்சு நிமிஷ வேலை."

"வேணாம்பா. இருக்கட்டும்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். வேறு கல் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, அதைத் திரும்பக் கொண்டுபோய்க் கதவுக்கு முட்டாக வைத்துவிட்டுப் போனான்.

இப்போதும் அறையைத் துடைக்கும்போது கல்லை எங்காவது வைத்தாக வேண்டும். தூக்கி மெஷின்மேல்தான் வைக்கிறேன். முள் கொஞ்சம் ஆடிவிட்டு நிற்கிறது. பதினொன்று.