கீழே கிடந்த பனிக்கட்டி

துயாராவின் அம்மா மத்ரோனா எங்கள் வீட்டுக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் என் தம்பி கெஸ்கிலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாடு எத்தனை, வண்டி என்ன என்று விசாரிக்கிற ஆளில்லை அவள். தேநீரைக் குடித்துப் பார்த்தே ஒரு வீட்டுக்கு மார்க் போடுகிறவள். தேநீர் பிடிக்கவில்லை என்றால் துயாராவை இவனுக்குக் கட்டிக்கொடுக்க மாட்டாள்.

எங்கள் யாக்கூத்தியாவில் குளிர்காலத்துக் குடிதண்ணீர் ஏரிப் பனிக்கட்டிதான். ஏரி உறைந்ததும் அறுத்து வந்து முற்றத்தில் மர மேடைமேல் அடுக்கிவிடுவோம். வேண்டும்போது ஒரு கட்டியை எடுத்து, மேல்பக்கத்தைக் கத்தியால் நன்றாகச் சீவி, அடுப்போரத்து அண்டாவில் உருக்கி, தளதளவென்று கொதிக்க வைப்போம். சீவுவதில் சோம்பல் கூடாதென்று நான் இவனிடம் கத்தாத நாளில்லை.

விருந்தாளி வந்து உட்கார்ந்தாள். தேநீரை ஊற்றி வைத்துவிட்டு, பாலேடு எடுக்க முற்றத்துக்குப் போனேன். மேடைக்கடியில் மொய்த்தொருக் என்கிற எங்கள் நாய் காலைத் தூக்கியது, இறக்கியது, ஒரு சுற்றுச் சுற்றியது, மறுபடி தூக்கியது. அது வழக்கமாகக் காலைத் தூக்குகிற இடத்தில் ஒரு பனிக்கட்டி கிடக்கும். மேடையில் இடம் போதாமல் நாங்கள் கீழேயே விட்டுவைத்தது. இன்றைக்கு அதைக் காணோம்.

உள்ளே ஓடி, கெஸ்கிலை அடுப்பு மூலைக்கு இழுத்தேன்.

"எந்தக் கட்டியடா எடுத்தே?"

"கீழ கிடந்தது. மேல ஏற நேரமில்லக்கா."

"சீவினியா?"

அவன் முழித்த முழியே போதுமாக இருந்தது.

"சரி, விடு. நல்லாக் கொதிச்சிருக்கு, ஒண்ணும் ஆகாது. வாயைத் தொறந்தே, கொன்னுடுவேன்."

"கொதிச்சாக் கிருமி சாகும்க்கா. மொய்த்தொருக் விட்டது எங்க போகும்?"

அங்கே மத்ரோனா கோப்பையை மூக்கருகே வைத்து முகர்ந்தாள். "அட, வாசனையே ஒரு தினுசா இருக்கே! நல்லாத்தான் இருக்கு!"

அப்பாடா என்றிருந்தது எனக்கு. இவனோ பாய்ந்துபோய்க் கோப்பையைப் பிடுங்கிவிட்டான்.

"குடிக்காதீங்க அத்தை! நாய் மூத்திரம்!"

பூமி பிளந்து விழுங்காதா என்று நினைக்கவும் வழியில்லை. எங்கள் ஊர்ப் பூமி பாறையாக உறைந்து கிடக்கிறது.

மத்ரோனா தன் வெறுங்கையைப் பார்த்தாள். பிறகு இவனைப் பார்த்தாள்.

"ஏன்டா, உனக்குப் பொண்ணு வேணாமா?"

"வேணும் அத்தை." அவன் கோப்பையைப் பின்னால் ஒளித்தான். "அதுக்காக இதையா உங்களுக்குக் குடுக்கறது?"

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிப்பு!

"போன மாசம் பொண்ணு கேட்ட ஒருத்தன் அடுப்புக்கரி மிதக்கற தண்ணியக் குடுத்துட்டு, எங்க ஏரித் தண்ணியே இப்படித்தான்னு சாதிச்சான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குல்லாவை மாட்டினாள். "கத்தி எங்க இருக்கு? நான் சீவறேன். நீங்க மேடைல ஏறி உச்சில இருக்கறதா ஒண்ணு எடுங்க, மாப்பிள்ளை."

கெஸ்கில் கோப்பையும் கையுமாக மரம் மாதிரி நின்றான். முதுகில் ஒன்று வைத்தேன். மைனஸ் ஐம்பது டிகிரிக் குளிரில் குல்லாகூடப் போடாமல் ஓடினான்.