முதலில் ஏறியவரின் முகவரி

காலையில் அக்கா கணினியில் ஏற்றிய ரத்தப் பரிசோதனை முடிவுகள் எதுவும் மதியத்துக்குப் பிறகு திரையில் இல்லை. முந்தைய நாள் வரை போட்டது இருந்தது. மதியத்துக்குப் பிறகு போட்டதும் இருந்தது. நடுவில் அந்த ஒரு காலை மட்டும் துடைத்து எடுத்ததுபோல் போயிருந்தது.

அக்காவுக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. நுண்ணோக்கியில் பார்த்து அணுக்களை எண்ணுவாள், எண்ணியதை நேராகக் கணினியில் தட்டுவாள். அவள் கணவர், என் மாமா, கீழ்த்தளத்துக் கணினி அறையில் இருக்கிறார். வேறொரு கம்பெனியின் இரவுப் பணி ஒத்துவராமல் பாதியில் ஓடிவந்த என்னை அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான். எங்கள் மூவரையும் குடும்பக் கட்சி என்பார்கள். கட்சிக்கு அன்று நல்ல நாள் இல்லை.

மேலாளர் வந்து திரையைப் பார்த்தார். அக்கா ‘சேமி’ பொத்தானை அழுத்தாமல் விட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினார். அவளைத் தெரிந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். கதவைப் பூட்டினால் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பவள் அவள். அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வருவாள். சேமி பொத்தானையும் இரண்டு முறை அழுத்துவாள். ஒரு முறை போதும் என்று சொல்லிச் சொல்லி மாமாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மற்ற நோயாளிகளைக் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுத்துவிடலாம். திட்டுவார்கள், ஆனால் கொடுப்பார்கள். மேல் மாடி வார்டில் இருந்த ஒரு கைக்குழந்தைக்கு அது நடக்காது. அதற்கு முதல் ஊசி போடுவதற்கு முன் எடுத்த ரத்தம் அது. ஊசி போட்டாகிவிட்டது, இனி எடுத்தால் எண்ணிக்கையே வேறு. எடுத்த ரத்தத்தில் மிச்சம் இல்லை, அதைத் தடவிய கண்ணாடித் தகட்டையும் கழுவியாகிவிட்டது. அந்த எண்ணிக்கை தெரியாமல் இரண்டாவது ஊசியைத் தொட மாட்டேன் என்று டாக்டர் காத்திருந்தார். காலையில் அத்தனை பேருக்குப் பார்த்ததில் எந்த எண் யாருடையது என்று அக்காவுக்கு நினைவில்லை. நினைவிருப்பதாகச் சொல்லி ஒரு எண்ணைக் கொடுத்திருக்கலாம். அவள் அந்த ரகம் இல்லை. நானே போய்க் குழந்தையின் அம்மாவிடம் சொல்கிறேன் என்று என்னிடம் போனில் சொல்லிவிட்டு வைத்தாள்.

மாமா நாற்காலியில் நகராமல் இருந்தார். எதுவும் அழியவில்லை, அழித்ததற்கான தடமே இல்லை என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். நேற்று மாலை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் இழுத்துவிட்டுச் சொன்னார்.

எங்கள் பழைய சர்வரில் மூன்று இணையச் செயலிகள் ஓடுகின்றன. ஆய்வகத்துக்கு ஒன்று, கேன்டீனுக்கு ஒன்று, ஊழியர் வருகைப் பதிவுக்கு ஒன்று. தட்டுவதை வாங்கித் தரவுத்தளத்தில் கொண்டுபோய் வைப்பதற்கு மூன்றுமே ஒரே லைப்ரரியை, அதாவது யாரோ எழுதிவைத்த ஒரு நிரல் தொகுப்பைத்தான் நம்பியிருக்கின்றன. இதுவரை ஒவ்வொன்றும் அதன் பிரதியைத் தன் மடியிலேயே வைத்திருந்தது. எந்திரத்தில் நினைவகம் போதவில்லை. ஒரே சாமான் எதற்கு மூன்று என்று மாமா மூன்றையும் எடுத்துவிட்டு, பொதுவான ஓரிடத்தில் ஒன்றை வைத்தார். எல்லாம் ஓடியது, வேகமாகவும் ஓடியது. மதியம் மின்சாரம் போய் வந்ததில் எந்திரம் மறுபடி கிளம்பியது, அவ்வளவுதான். காலையில் பழைய முடிவுகள் எதுவும் திறக்கவில்லை என்று அக்கா போன் செய்திருந்தாளாம். சும்மா தாமதம், வந்துவிடும் என்று இவர் சொல்லியிருக்கிறார்.

அப்போது கேன்டீன்காரர் போன் செய்தார்.

“தம்பி, காலையில எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. மதியத்துல இருந்து விலைப் பட்டியலையே காணோம். நான் என்ன எல்லாருக்கும் ஓசியிலயா போடறது?”

ஆய்வகத்துக்குக் காலை இல்லை. கேன்டீனுக்கு மதியம் இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

பழைய கம்பெனியில் இரவுப் பணி முடிந்து எங்களை வீட்டில் கொண்டுபோய் விடும் வேன் ஓட்டுநர் ஞாபகத்துக்கு வந்தார். எங்கே போக வேண்டும் என்று முதலில் ஏறுகிறவரிடம் மட்டும்தான் கேட்பார். அதற்குப் பிறகு யார் ஏறினாலும் காதில் வாங்க மாட்டார். ஒருமுறை தூங்கிப்போய், அதிகம் பழகாத ஒரு கணக்கரின் வீட்டு வாசலில் இறங்கி நின்றிருக்கிறேன். நான் தொலைந்துபோகவில்லை. வேறு வீட்டில் இருந்தேன், அவ்வளவுதான்.

“மாமா, அந்த லைப்ரரி தரவுத்தளத்தோட முகவரிய எத்தன தடவ கேக்கும்?”

“கிளம்பும்போது ஒரு தடவ. ஞாபகம் வச்சுக்கும்.”

“ஒவ்வொரு செயலிகிட்டயும் தனியா இருந்தப்ப சரி. இப்ப மூணு பேருக்கும் ஒண்ணுதானே இருக்கு. யாருகிட்ட கேக்கும்?”

மாமா நிமிர்ந்து உட்கார்ந்து கேன்டீனின் தரவுத்தளத்தைத் திறந்தார். நேற்று மாலை கேன்டீன் செயலி முந்திக் கிளம்பியிருக்கிறது. லைப்ரரி அதன் முகவரியை வாங்கிக்கொண்டு மற்ற இரண்டின் சரக்கையும் அங்கேயே இறக்கியிருக்கிறது. மதியம் ஆய்வகம் முந்திக்கொண்டது. போன இடத்தில் அட்டவணை இல்லாவிட்டால் அதைத் தானே உருவாக்கிக்கொள்ளும் சமர்த்து வேறு அதற்கு உண்டு. அதனால்தான் எங்கேயும் ஒரு முனகல்கூட இல்லை.

தட்டு, கரண்டி, சூப், ரொட்டி என்று பட்டியல் ஓடியது. அதற்குக் கீழே வெள்ளை அணுக்கள் இருந்தன. காலை முழுவதும் இருந்தது, ஒரு வரி குறையாமல்.

மாமா திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார்.

“எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்குடா மாப்ள.”

ஒவ்வொரு முடிவும் இரண்டு முறை பதிவாகியிருந்தது. அவர் சிரிக்க ஆரம்பித்தார், பிறகு கைக்குட்டையைத் தேடினார். நான் குழந்தையின் முடிவை அச்செடுத்துக்கொண்டு படியேறினேன். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

அக்கா வார்டுக் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். கை கைப்பிடியில் இருந்தது, இன்னும் திறக்கவில்லை. கண்ணாடி வழியாக அந்த அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது தெரிந்தது. தாளை நீட்டினேன். அக்கா முதல் வரியைப் படித்தாள், தாளின் தலைப்பில் இருந்த பெயரைப் பார்த்தாள், மறுபடி முதல் வரியைப் படித்தாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“எங்க இருந்துச்சு?”

“கேன்டீன்ல.”

“விளையாடாதடா.”

“நெஜமா. நீ ரெண்டு தடவ அமுக்குனது அங்க ரெண்டா கெடக்கு.”

“உங்க மாமா எங்க?”

“மேலாளர் ரூமுக்குப் போறேன்னு கெளம்பினார். தப்பு தன்னோடதுன்னு சொல்லப்போறாராம்.”

“தானா போனாரா?”

“நான் தள்ளல.”

அவள் முகம் அப்போதுதான் இளகியது. தாளை டாக்டரிடம் கொடுக்க உள்ளே போனாள். அந்த அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதுதான் பெரிய விஷயம்.

நானும் மாமாவும் வேலையை முடித்தோம். லைப்ரரி பொதுவிலேயே இருக்கட்டும், முகவரியை மட்டும் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ளட்டும் என்று மாற்றினோம். இடம்மாறிக் கிடந்ததை எல்லாம் அவரவர் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். கேன்டீன்காரர் விலைப் பட்டியல் வந்துவிட்டது என்று போன் செய்தார், நன்றி சொல்லவில்லை. மேலாளர் ஆய்வகத்துக்குப் போய் ஏதோ சொன்னாராம். என்ன சொன்னார் என்று அக்கா சொல்லவில்லை. ஆனால் நன்றாகப் பசிக்கிறது என்றாள்.

கிளம்பும்போது மாமா கணினி அறையைப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். நாங்கள் வாசல் வரை போனதும் திரும்பிப் போய் இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். அக்கா அவர் வரும்வரை நின்றுவிட்டு முன்னால் நடந்தாள்.