யான்ஸிக்கு ஒரு திங்கட்கிழமை ரெஸ்ட்

சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் லெமுவெல் ப்ரூயிட் மாதிரி சாக்ஸபோன் ஊத ஆள் கிடையாது என்று யாராவது சொன்னால், "ஏன், வடக்குப் பக்கத்துல எவனாவது இருக்கானா?" என்று கேட்கிற ஆள் லெம். அவ்வளவு திமிர். சும்மா சொல்லக் கூடாது, அந்தத் திமிருக்கு ஏற்ற சரக்கும் அவனிடம் இருந்தது. தெற்கே அர்கன்ஸாவில் பருத்தி பொறுக்கியவன், பதினேழு வயதில் ஊருக்கு வந்த சர்க்கஸ் பேண்டோடு ஓடிப்போனான். முப்பது வருஷம் பஸ்ஸிலேயே தூங்கினான். வெள்ளைக்காரர்களின் ஹோட்டலில் மேடையேறி வாசித்துவிட்டு, கறுப்பன் என்பதால் அதே ஹோட்டலின் பின்கதவில் நின்று சாப்பாடு வாங்கித் தின்றான். கடைசியில், "இனிமே எவன் வாசல்லயும் நிக்க மாட்டேன்" என்று அறுபத்து மூன்றாம் தெருவில், ரயில் பாலத்துக்குக் கீழே, சொந்தமாக ஒரு கிளப்பைத் திறந்தான். பெயர் லெம்ஸ் கார்னர்.

கிளப் என்றாலே ராத்திரி சமாச்சாரம்தான். ஆனால் லெம்ஸ் கார்னருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது திங்கட்கிழமைக் காலை. முடிவெட்டுகிறவர்களுக்கு அன்றுதான் விடுமுறை. தபால் ஆபீஸிலும் கசாப்புக் கூடத்திலும் ராத்திரி ஷிப்ட் முடித்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வருவார்கள். லெம்மின் மனைவி வெர்டெல் கெளுத்தி மீனை வறுத்து வறுத்துத் தட்டில் போடுவாள். எட்டு மணிக்கு மேஜைகளை ஓரங்கட்டிவிட்டு ஆட ஆரம்பித்தார்கள் என்றால், தலைக்கு மேலே ரயில் போவதுகூடக் காதில் விழாது.

1957-ம் வருஷம் அந்த ஆட்டம் படுத்துவிட்டது. பாட்டு என்னவோ ஜோராகத்தான் கிளம்பும். இரண்டு சுற்று போவதற்குள் தாளம் தளர்ந்து, ஆடுகிறவர்களின் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். சனங்கள் மீனைத் தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எதிர்ச்சாரியில் புதிதாகத் திறந்த கிளப்புக்குப் போக ஆரம்பித்தார்கள்.

"லெம் அண்ணே, நாங்க ஆட வந்தோமா, துக்கம் விசாரிக்க வந்தோமா?" என்று ஒரு நாள் முடிவெட்டுகிற ஹாலிஸ் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான்.

லெம்முக்கு மானம் போயிற்று. உடனே மைக்கைப் பிடித்தான். "நம்ம யான்ஸி பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருக்கான். பஸ் வந்ததும் வேகம் எடுப்பான், கொஞ்சம் பொறுத்துக்கங்க!"

கூடமே சிரித்தது. டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த யான்ஸியும் சேர்ந்து சிரித்தான். க்ளியோஃபஸ் யான்ஸி லெம்மோடு இருபத்திரண்டு வருஷமாக வாசிக்கிறவன். அறுபது வயது. டிரம்மோடு சேர்ந்த வெண்கலத் தட்டுகளின் சத்தத்தில் இடது காது போய்விட்டது, வலது காது பாதி. காது போனவனுக்குத் தாளம் எங்கே நிற்கும் என்று லெம்மும் முடிவு கட்டிவிட்டான். அந்தப் பஸ் நையாண்டி வாராவாரம் நடந்தது.

"திங்கக்கிழமைக்கு வாங்கற மீன பாதியாக் குறைச்சிட்டேன்," என்றாள் வெர்டெல். "இப்படியே போனா கதவச் சாத்த வேண்டியதுதான். யான்ஸிகிட்ட நீ பேசறியா, நான் பேசட்டுமா?"

"நானே பேசறேன். நீ அழ வெச்சிடுவ," என்றான் லெம். பேசுவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தத் தெருவில் எந்த வாத்தியக்காரனிடமும் 'உனக்கு வேலை இல்லை' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'ஒரு திங்கட்கிழமை ரெஸ்ட் எடுத்துக்கோ' என்பார்கள். அதைக் கேட்டவன் மறுபேச்சு பேசாமல் போய்விடுவான், அப்புறம் அந்தக் கிளப்பின் படியை மிதிக்க மாட்டான். எவ்வளவு பெரிய கொம்பனுக்கும் இதுதான் வழக்கம்.

வியாழக்கிழமை மத்தியானம், ஆளில்லாத கிளப்பில், வலது காதுப் பக்கமாகப் போய் உட்கார்ந்து லெம் அதைச் சொன்னான். "யான்ஸி, வர்ற திங்கக்கிழமை ரெஸ்ட் எடுத்துக்கோயேன்."

யான்ஸி காபியைக் கீழே வைத்தான். "வர்ற திங்கக்கிழமையா?"

"ஆமா."

"அதுக்கு அடுத்தது?"

லெம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிடா," என்றான் யான்ஸி. "புதுசா வர்றவனுக்கு டிரம் இருக்கா? இல்லாட்டி என்னுது இங்கயே இருக்கட்டும், மெதுவா எடுத்துக்கறேன்." தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது லெம்முக்கு.

திங்கட்கிழமை புது ஆள் வந்தான். டெவிட் என்று பெயர், முப்பது வயது, பட்டாள பேண்டில் வாசித்தவன். செய்தி பரவி ஹாலிஸ் ஒரு பெரிய கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்திருந்தான். லெம் வாத்தியத்தை மாட்டிக்கொள்ளும்போது கதவு திறந்தது. யான்ஸி உள்ளே வந்தான்! நேரே முன்வரிசை மேஜையில் உட்கார்ந்து, "வெர்டெல், ரெண்டு மீன், மொறுமொறுன்னு," என்றான். ரெஸ்ட் கொடுக்கப்பட்டவன் திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்ததை அந்தத் தெருவில் யாருமே பார்த்ததில்லை.

லெம் அவன் பக்கம் பார்க்காமல், விரலைச் சொடுக்கி வேகமாகத் தாளம் கொடுத்தான். பழைய வேகம். டெவிட் பிடித்துக்கொண்டான். அடேயப்பா, என்ன அடி! முதல் சுற்றிலேயே பத்து ஜோடி எழுந்துவிட்டது. ஹாலிஸ் ஊளையிட்டான். லெம் கண்ணை மூடிக்கொண்டான். எத்தனை மாசமாயிற்று இப்படி!

இரண்டாவது சுற்றில், லெம்முக்கு ஒரே மூச்சில் இழுக்க வேண்டிய வரியைப் பாதியில் அறுக்க வேண்டி வந்தது. அடுத்த வரியை மூன்று துண்டாக்கினான். டிரம் கொஞ்சம்கூட இளகவில்லை. அது பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. நெஞ்சுக்குள் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. வாத்தியத்தை இறக்கி, பியானோக்காரனுக்குப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பவன் போலக் கையைக் காட்டிவிட்டு, மேடை ஓரத்தில் சரிந்து உட்கார்ந்தான்.

யான்ஸி தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீ எதுக்குடா வந்த?" என்றான் லெம், மூச்சு வாங்கிக்கொண்டே.

"இப்படி ஆகும்னு தெரியும். அதான் வந்தேன். பையன் நல்லாத்தான் அடிக்கறான். உன்னால முடியலன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கென்ன முடியல?"

"பிப்ரவரிலேர்ந்து உனக்கு மூச்சு பத்தல லெம். எனக்குக் காதுதானே போச்சு, கண்ணு நல்லாத்தான் இருக்கு. உன் தோள் ஏறி இறங்கறதப் பாத்துத்தான் நான் அடிக்கறதே. அது திணறும்போது நான் எப்படிடா வேகமா அடிப்பேன்?"

லெம்முக்கு அப்போதுதான் புரிந்தது. பாட்டைத் தளர வைத்தது யான்ஸியில்லை, தான்தான். தான் கீழே விழாமல் இத்தனை மாசமும் தாங்கிப் பிடித்தவனைத்தான் மைக்கில் வைத்து ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறான். அதோடு விட்டானா, வேலையை விட்டும் அனுப்பியிருக்கிறான்.

"அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா, பாவி!"

"எப்படிச் சொல்றது? டிரம் அடிக்கறவன் கிழவனாயிட்டான்னா சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. சாக்ஸ் ஊதறவனுக்கு மூச்சு போச்சுன்னா, அப்புறம் என்ன இருக்கு? நீ ஊதறத விட்டுட்டா செத்துப் போயிடுவ. எனக்குத் தெரியாதா உன்ன?"

பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தது. லெம் டம்ளரைக் காலி செய்துவிட்டு மைக்குக்குப் போனான்.

"இத்தனை நாளா பாட்டு நொண்டினதுக்கு யான்ஸி காரணமில்ல," என்றான். "நான்தான். எனக்கு மூச்சு போயிடுச்சு. அவன் எனக்காக மெதுவா அடிச்சான், நான் உங்க முன்னாடி அவனக் கிண்டல் பண்ணினேன். வேலைய விட்டும் அனுப்பினேன். என் செருப்பாலயே என்னை அடிச்சிக்கணும்."

சமையற்கட்டு வாசலில் வெர்டெல் கரண்டியோடு நின்றிருந்தாள்.

"எங்கிட்டகூடச் சொல்லலையே லெம்," என்றாள். "நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். வரலைன்னா இழுத்துக்கிட்டுப் போவேன்."

"வரேன்மா," என்றான் லெம் சின்னக் குரலில்.

டெவிட் தானாகவே எழுந்து இடத்தை விட்டான். "வாங்க பெரியவரே, உங்க டிரம்," என்றான். யான்ஸி உட்கார்ந்தான். எப்போதும் லெம்தான் தாளம் கொடுப்பான். இன்றைக்கு யான்ஸி கேட்காமலே கொடுத்தான், மெதுவாக. ஹாலிஸ் ஒரு கணம் திகைத்து நின்றான், பிறகு பக்கத்திலிருந்த பெண்ணின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு மெல்ல ஆட ஆரம்பித்தான். ஒவ்வொரு ஜோடியாக மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

லெம் ஊதினான். நாலாவது வரியில் மூச்சு நின்றுபோனது. கூடம் முழுக்கத் தன்னையே பார்க்கிறது என்று நினைத்தபோது பயத்தில் காற்றே உள்ளே போகவில்லை. பின்னாலிருந்து டிரம் மட்டும் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

"மூச்சு விட்டுக்கோடா," என்றான் யான்ஸி. "நான் எங்கயும் போகல."