வர்க்கிச்சன் நோன்புக்கு விட்டது

எங்கள் வீட்டில் நோன்பு என்றால் விளையாட்டில்லை. ஈஸ்டர் வரைக்கும் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் அடுப்படிப் பக்கம் வராது. என் புருஷன் வர்க்கிச்சன் மற்ற நாளில் மாட்டிறைச்சி வறுவல் இல்லாமல் மரவள்ளிக்கிழங்கைத் தொடமாட்டார். நோன்பு வந்துவிட்டால் பூசணிக்காய்க் கறியை மூச்சு காட்டாமல் சாப்பிட்டு எழுந்து போவார். அப்படிப்பட்டவருக்கு நோன்பின் கடைசி வாரத்தில் ரத்தம் பார்த்தால் கொழுப்பு ஏறியிருக்கிறது. குறைந்திருந்தால் நியாயம். ஏறியிருக்கிறது! எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

டாக்டருக்கும் புரியவில்லை. பழைய ரிப்போர்ட்டையும் புதிய ரிப்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சேச்சி, டிசம்பர்ல கெட்ட கொழுப்பு தொண்ணூத்தெட்டு. இப்ப நூத்தெழுபத்தாறு. நோன்பு இருந்தீங்களா, விருந்து சாப்பிட்டீங்களா?"

"முட்டை ஓடு கூட வீட்டுக்குள்ள வரலை டாக்டர்."

"கொழுப்பு மாத்திரையை ஒழுங்காப் போடுறாரா?"

"அதெல்லாம் கேக்கவே வேண்டாம். சாப்பிட்டதும் மாத்திரையை உரிச்சு எடுத்துக்கிட்டு, தண்ணி டம்ளரோட இயேசுவோட திரு இருதயப் படத்துக்கு முன்னால போய் நிப்பாரு. ஜெபம் சொல்லிட்டுத்தான் முழுங்குவாரு. நான் சத்தியம் பண்ணுவேன்."

வர்க்கிச்சன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்த மாத்திரை இவருக்கு வேலை செய்யலை போல. ஈஸ்டர் கழிச்சு வாங்க, பலமானதா மாத்துவோம். இதயத்தையும் ஒரு தடவை முழுசாப் பாத்துடுவோம்" என்றார் டாக்டர்.

வர்க்கிச்சனின் அண்ணன் குஞ்ஞேப்பு, ரப்பர் ஷீட்டைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் சரிந்து இறந்து போனவர். ஐம்பத்து நாலு வயது. இந்த வருஷம் வர்க்கிச்சனுக்கும் அதே வயதுதான். வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் சந்தேகம் என் கை மேலேயே விழுந்தது. தேங்காய் எண்ணெயில் நேந்திரங்காய் வறுவல், எல்லாக் கறியிலும் தேங்காய். நானேதான் மனுஷனைக் கொல்கிறேனோ? தேங்காய்த் துருவியைப் பரணில் ஏற்றினேன். ஆனால் போன நோன்புக்கும் இதே தேங்காய்தானே, அப்போது ஏன் ஏறவில்லை? துருவியைத் திரும்ப இறக்கினேன். அடுத்த சந்தேகம் கள்ளுக்கடை. சட்டையை முகர்ந்து பார்த்தேன். ரப்பர் பால் நாற்றம்தான். போதாததற்குக் கள்ளுக்கடை பாப்பனுக்கே போன் போட்டேன்.

"பொம்பளை கேக்குற கேள்வியா இது? வர்க்கிச்சன் நோன்பு நாள்ல இந்தப் பக்கம் தலைவெச்சுக் கூடப் படுக்க மாட்டான். போயி ஜெபம் சொல்லு" என்று வைத்துவிட்டான்.

இன்னொன்றும் மனதைக் குடைந்தது. நோன்பு தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் பாதிரியார் அச்சன், இறைச்சியோடு சேர்த்து ஒவ்வொருவரும் தனக்கென்று ஒன்றை விடவேண்டும் என்று பிரசங்கம் செய்திருந்தார். நான் டிவி சீரியலை விட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் பீடியை விட்டுவிட்டு, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தார். வர்க்கிச்சன் எதை விட்டார்? கேட்டால், "சொன்னா பலன் போயிடும்டி" என்பார். மனுஷன் சிடுசிடுக்கவும் இல்லை. ஆனால் அடிக்கடி மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்த்துக்கொண்டார்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை காலையில் வீட்டை ஒட்டடை அடித்தேன். திரு இருதயப் படத்தைத் துடைக்க ஆணியிலிருந்து கழற்றியதும், பின்னாலிருந்து பொலபொலவென்று ஏதோ கொட்டியது. பல்லி முட்டை என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து எடுத்துப் பார்த்தால் மாத்திரை! நோன்பு முழுவதற்குமான மாத்திரை!

"அச்சாயா!" என்று வர்க்கிச்சனைக் கூப்பிட்டு நான் போட்ட கூச்சலில் அவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன இது? என்னை என்னன்னு நெனச்சீங்க? டாக்டர் முன்னால சத்தியம் பண்ணேனே பாவி!"

"அச்சன்தானேடி சொன்னாரு."

"மாத்திரையை விடுன்னா சொன்னாரு?"

"எது இல்லாம ஒரு நாள் கூட இருக்க முடியாதுன்னு தோணுதோ அதை விடச் சொன்னாரு. கள்ளு இல்லாம இருந்துடுவேன். மாட்டிறைச்சி இல்லாமலும் இருந்துடுவேன். நல்லா யோசிச்சுப் பாத்தேன். குஞ்ஞேப்பு போனதுக்கப்புறம் இந்த மாத்திரையைத்தான் நம்பிக்கிட்டிருந்தேன். படத்துல இருக்கிறவரை நம்பலை. அது தப்புன்னு பட்டுச்சு."

"பயமா இல்லையா?"

"செத்துடுவேனோன்னு தினம் பயம்தான். காலைல முழிச்சதும் நெஞ்சைத் தொட்டுப் பாத்துக்குவேன்."

எனக்குக் கோபமா, அழுகையா, ஒன்றும் பிடிபடவில்லை. வாயில் வந்தது வேறு.

"இல்லாம இருக்க முடியாதது மாத்திரைதானா? அப்ப நான் இல்லாம இருந்துடுவீங்களா?"

அவர் தரையில் முழங்காலிட்டு மாத்திரைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"உன்னை விட்டுட்டுப் போயிடக் கூடாதுன்னுதானேடி மாத்திரையே போட்டேன்."

நேராகப் போய் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு என்னையே திட்டினார். பழைய மாத்திரையை இன்றைக்கே தொடங்கட்டும், ஒரு நாள் விடாமல் போடட்டும், ரெண்டு மாசம் கழித்து ரத்தம் பார்க்கலாம் என்றார்.

புது அட்டையிலிருந்து ஒன்றை உரித்துக்கொண்டு வந்தேன். கையில் கொடுக்க நம்பிக்கை இல்லை.

"வாயைத் திறங்க."

தரையில் முழங்காலிட்டிருந்தவர் கண்ணை மூடி நாக்கை நீட்டினார். நான் மாத்திரையை வைத்தேன். கோயிலில் பாதிரியார் கையால் அப்பம் வாங்குகிற பழக்க தோஷத்தில், "ஆமென்" என்றார்.

நான் நகரவில்லை. தொண்டைக்குள் அது இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.