அண்ணன் விழுங்கிய பேச்சு

என் அண்ணன் லூதர் ஹாஸ்கெல் ஜெர்மனியில் படித்துவிட்டு ஒஹாயோவுக்குத் திரும்பியபோது, எங்கள் மலைக் கல்லூரியில் பொருளாதாரத்துக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. ஒழுக்கவியல் நடத்திய போதகரே அதையும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். அண்ணன்தான் அந்தப் பாடத்தின் முதல் பேராசிரியர். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவன் இறந்த பிறகு நான் அவர் வீட்டுக்கு வந்து சமையலைப் பார்த்துக்கொண்டேன்.

கல்லூரிக்குக் கீழே பள்ளத்தாக்கில் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற முதலாளியின் நிலக்கரிச் சுரங்கம். கல்லூரி அறங்காவலர்களுக்குத் தலைவரும் அவரே. நூலகம் அவர் கட்டிக் கொடுத்தது. ஒரு குளிர்காலத்தில் அவர் கூலியைக் குறைத்தார். வேல்ஸ் நாட்டிலிருந்து வந்திருந்த தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுரங்கக் கம்பெனி கொடுத்திருந்த வீடுகளிலிருந்து அவர்களைக் குழந்தை குட்டிகளோடு பனியில் இறக்கிவிட்டார்கள். கூடாரம் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடு அண்ணன் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த ஞாயிறு கல்லூரித் தேவாலயத்தில் எழுந்து பேசினார்.

"கூலி மழை மாதிரி வானத்துலேர்ந்து விழறதில்ல. ஒரு மனுஷர் ரூம்ல உக்காந்து முடிவு பண்றார். முடிவு பண்ணவரால அத மாத்தவும் முடியும்."

மறுநாள் தொழிலாளிகளின் தலைவன் ரீஸ் ப்ரோதெரோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றான்.

"சார், இத எங்க ஆளுங்ககிட்ட ஒருதரம் வந்து சொல்லணும். நாங்க சொன்னா குடிகாரன் பேச்சும்பாங்க."

அண்ணன் போனார். குறைத்ததில் பாதியைத் திருப்பித் தருவதாக ஸ்டாக்பிரிட்ஜ் அப்போது இறங்கி வந்திருந்தார். வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடலாம் என்ற நினைப்பில்தான் பலரும் இருந்தார்கள். "முழுசா குடுக்க அவரால முடியுமா சார்?" என்று ஒருவன் கேட்டான்.

"முடியும். தாராளமா முடியும்," என்றார் அண்ணன். அவர்கள் பாதியை மறுத்துவிட்டார்கள்.

அந்த வாரமே கல்லூரித் தலைவர் கிராண்டல் வீட்டுக்கு வந்தார். நான் வைத்த ஆப்பிள் கேக்கைத் தொடவில்லை.

"லூதர், அவசரப்பட்டுப் பேசிட்டேன்னு தேவாலயத்துல ரெண்டு வார்த்தை சொல்லிடுப்பா. அவ்வளவுதான்."

"இல்லேன்னா?"

"வசந்தத்தோட வேலை போச்சு. வேற எந்தக் கல்லூரியும் உன்ன எடுக்காம ஸ்டாக்பிரிட்ஜ் பாத்துப்பார்."

அவர் போனதும் நான் சொன்னேன்: "போனாப் போகட்டும்ணா. மாடி ரூமை வாடகைக்கு விட்டு, வர்றவங்களுக்கு நான் சமைச்சுப் போடறேன்."

"எனக்கு வேற என்ன தெரியும் மெரிபா? மரம் வெட்டுவேனா, மாடு ஓட்டுவேனா?"

"பொய் சொல்ல மட்டும் தெரியுமா?"

அவர் விளக்கை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் சொன்னது இரண்டு வார்த்தையோடு நிற்கவில்லை. கூலி இயற்கையின் சட்டம் என்றார். அதை எதிர்ப்பது குளிர்காலத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்வது போல என்றார். முன் பெஞ்சில் ஸ்டாக்பிரிட்ஜ் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஊர்ப் பத்திரிகை அதை அச்சடித்தது. சுரங்க வாசலில் ஒட்டினார்கள்.

அவர் பேச்சை நம்பி நின்றவர்களின் உறுதி உடைந்தது; கூடாரங்கள் கலைந்தன. பாதி தருகிற பேச்சு அதோடு போயிற்று. முன்பு குறைத்ததற்கும் கீழே இன்னும் குறைத்த கூலிக்குத் தலைகுனிந்து சுரங்கத்துக்குள் போனார்கள். ரீஸை மட்டும் சேர்க்கவில்லை. அவன் மனைவி க்வென்லியன் கூடாரத்தில் நுரையீரல் காய்ச்சல் கண்டு இறந்துபோயிருந்தாள்.

அவளைப் புதைத்துவிட்டு அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். சத்தம் போட்டிருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சிட்டுப் போறேன் சார். எங்ககிட்ட சொன்னது நெசமா, கோயில்ல சொன்னது நெசமா?"

அண்ணன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உங்ககிட்ட சொன்னதுதான் ரீஸ்."

"எங்ககிட்டயும் பொய்யே சொல்லியிருக்கலாமே சார். அந்தப் பாதியை வாங்கிட்டு வீட்டுக்குள்ள போயிருப்போம். அவ இருந்திருப்பா."

உட்காரச் சொன்னேன். தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டான். மேற்கே எங்கோ போனதாகச் சொன்னார்கள்.

அண்ணனின் வேலை நிலைத்தது. சம்பளம்கூடக் கொஞ்சம் ஏறியது. வருஷா வருஷம் கூலி இயற்கையின் சட்டம் என்றே நடத்தினார். கூலியைப் பற்றி எழுத ஆரம்பித்திருந்த புத்தகத்தை அடுப்பில் போட்டார், நான் தடுக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பை எடு, ரொட்டி போதும் என்பதற்கு மேல் எங்களுக்குப் பேச்சு இல்லாமல் போயிற்று.

ஸ்டாக்பிரிட்ஜ் செத்தபோது அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. நிலக்கரி தீர்ந்து சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். கல்லூரியே சவ ஊர்வலத்துக்குப் போய் வந்தது. அண்ணனும் துக்கத்துக்குக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு போய் வந்தார். காப்பியை வைத்துவிட்டு நான் கேட்டேன்:

"இனிமே யாருக்குப் பயம்? இப்பவாவது உண்மையைச் சொல்லுங்களேன்ணா."

அவர் ஜன்னல் வழியே பள்ளத்தாக்கைப் பார்த்தார். கூரை விழுந்த கம்பெனி வீடுகளைத் தவிர அங்கே எதுவும் இல்லை.

"யார்கிட்ட?" என்றார்.

பிறகு கறுப்புப் பட்டையை அவிழ்த்து மேஜைமேல் வைத்துவிட்டு வகுப்புக்குக் கிளம்பினார்.