கதவைத் தாண்டினால் காலி

அந்த உணவகத்தில் அவருக்கு 'டேப்பு' என்று பட்டப்பெயர். ஒரு மேசையில் எட்டுப் பேர் ஆளுக்கொன்று கேட்டாலும் பேனாவைத் தொடாமல் அத்தனையையும் சமையலறையில் வந்து டேப் ரெக்கார்டர் மாதிரி ஒப்பிப்பார். யார் கண் பட்டதோ, போன மழைக்காலத்தில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடி. பள்ளிக்கூடத்துப் பாட்டெல்லாம் இன்றைக்கும் வரி பிசகாமல் வருகிறது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறார்.

இன்று மதியம் அவருக்கு வெள்ளோட்டம். சொதப்பினால் வேறு ஆள் பார்ப்பதாக முதலாளியம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "பேசாம எழுதிக்கோங்களேன்," என்று மனைவி சட்டைப்பையில் பேனாவைச் செருகி அனுப்பியிருந்தாள். அடிபட்டதிலிருந்து தன் கிறுக்கலைத் தன்னாலேயே படிக்க முடியவில்லை என்று அவளிடம் சொல்ல அவருக்கு வெட்கம்.

முதல் மேசையில் ஐந்து பேர். கேட்டதையெல்லாம் மனதில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். சமையலறைக் கதவு பின்னால் சாத்திக்கொண்டது. அவ்வளவுதான், மண்டைக்குள் ஒன்றுமில்லை.

அடுப்படியில் சமைத்துக்கொண்டிருந்த அவருடைய மைத்துனன் கரண்டியோடு திரும்பினான். "சொல்லுங்க மாமா."

"இருடா, இதோ வர்றேன்."

வெளியே வந்து மேசையைப் பார்த்தார். கண்ணாடிக்காரருக்கு உப்பில்லாத சூப், பக்கத்து அம்மாவுக்கு வறுத்த மீன், குழந்தைக்கு ஆம்லெட், ஓரத்து இரண்டு பேருக்கும் கோழி. எல்லாம் பத்திரமாக இருந்தது. சந்தோஷமாக உள்ளே ஓடினார். கதவு சாத்திக்கொண்டது, மறுபடியும் காலி. இதென்ன கூத்து!

மூன்றாம் முறை அவர் உள்ளே போகவில்லை. ஒரு காலால் கதவைத் தடுத்து, மேசையிலிருந்து கண்ணை எடுக்காமல், தோளுக்குப் பின்னால் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"என்ன டேப்பு, கதவுல தொங்கிட்டு நிக்கிறீங்க?" கல்லாவிலிருந்து முதலாளியம்மா எழுந்து வந்தார்.

கீல் இறுகிக் கிடக்கிறது என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டார். "மேசை கண்ணுல பட்டா எல்லாம் ஞாபகம் இருக்கும்மா. கதவு சாத்திக்கிட்டா போயிடுது. மறைச்சு என்ன ஆகப்போகுது."

முதலாளியம்மா தட்டுகள் மேசைக்குப் போகும்வரை நின்று பார்த்தார். கேட்டவர்களுக்குக் கேட்டது சரியாகப் போய்ச் சேர்ந்தது. பிறகு மைத்துனனைக் கூப்பிட்டார்.

"சாயங்காலம் இந்தக் கதவைக் கழட்டிடு."

"புகையெல்லாம் வெளிய வருமேம்மா."

"வரட்டும். வாசனைக்கே நாலு பேர் கூட வருவாங்க."

வேலை முடிந்து டேப்பு கை கழுவிக்கொண்டிருக்கும்போது, "நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்க," என்றார் முதலாளியம்மா.

டேப்புவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கூடவே பயமும் வந்தது.

"நீங்க வரச் சொன்னதே காலையில எனக்கு மறந்துட்டா?"

"மறந்தா போன் பண்ணிச் சொல்றேன். தினமும் மறந்தா தினமும் சொல்றேன். எனக்கென்ன வாயா வலிக்கப் போகுது?"